தட்டு நம்முடையது, பாட்டு யாருடையது?

எம்மிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பொறியியலாளராகக் கடமையாற்றுகிறார். சென்ற மாதம் அவரிடமிருந்து எமக்கு நீண்டதொரு மின்னஞ்சல் வந்தது. எமது நலம் விசாரித்து, தாயார் ஊரிலே தனித்திருப்பது பற்றி இரண்டு வரி எழுதி, அதன்பின் ஒரு வினாவை விடுத்திருந்தார்.

"சேர், அப்பா விட்டுச் சென்ற இசைத்தட்டுக்கள் முந்நூறுக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டிரண்டு மணி நேரம் அவற்றை இணைய வானொலியாக ஒலிபரப்ப விரும்புகிறேன். விளம்பரம் இல்லை, ஒரு சதம் வருமானமும் இல்லை. இங்குள்ள நம்மவர் இருபது பேரும், ஊரில் அம்மாவும் கேட்டாற் போதும். ஆனால் நண்பர் ஒருவர், அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொடங்கினால் வழக்கு வரும் என்று பயமுறுத்துகிறார். அப்பா காசு கொடுத்து வாங்கிய தட்டை நான் போடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? இது நியாயமா?"

படித்தவுடன் எம் மனம் மாணவர் பக்கமே சாய்ந்தது என்பதை ஒளிப்பானேன்? கல்லூரி விளையாட்டுப் போட்டிகளிலும் கலைவிழாக்களிலும் ஒலிபெருக்கியில் எத்தனை பாட்டுக்களைப் போட்டிருப்போம்! பாடியவருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒருநாளேனும் எண்ணியதுண்டா? இல்லை. எனினும் தன் மனச்சாய்வையே விடையாகத் தருவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே அமெரிக்கச் சட்டத்தையும் அதன் வரலாற்றையும் சில வாரங்கள் இருந்து வாசித்தோம். வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து வாழும் இக்காலத்தில், நாம் அறிந்தது வாசகர் பலருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

பாட்டு ஒன்று; உடைமை இரண்டு

கடையில் நாம் வாங்குவது தட்டை, பாட்டை அன்று. புத்தகம் ஒன்றை வாங்கியவர் அதனை எத்தனை முறையும் படிக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆயின், அதனை அச்சிட்டு ஊரெங்கும் விநியோகிக்கும் உரிமை அவருக்கு வந்துவிடுவதில்லை. தட்டின் நிலையும் அதுவே. வீட்டிலிருந்து கேட்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊரார் கேட்க ஒலிபரப்பும்போதுதான் சட்டம் வாசலில் வந்து நிற்கின்றது.

அவ்வாறு வரும்போது அது இரு சாராருக்காக வருகின்றது. முதலாவது சாரார், பாட்டை இயற்றியோரும் மெட்டமைத்தோரும் அவர்தம் வெளியீட்டாளரும் ஆவர். இரண்டாவது சாரார், அதனைப் பாடியும் வாசித்தும் பதிவு செய்தோரும், அப்பதிவுக்குப் பணம் இட்ட கொம்பனியாரும் ஆவர். ஒரே கீர்த்தனையைப் பத்து வித்துவான்கள் பதிவு செய்தால் பாட்டு ஒன்று, பதிவு பத்து. கீர்த்தனை மிகப் பழையதாயின் இயற்றியவரின் உரிமை காலத்தால் நீங்கியிருக்கும். பதிவின் உரிமையோ உயிரோடு இருக்கும். இவ்வேறுபாட்டை உணராமையே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

அமெரிக்காவில் முதலாவது சாராருக்காகப் பணம் திரட்டும் முக்கிய சங்கங்கள் நான்கு: 1914இல் தோன்றிய அஸ்காப், 1930இல் தோன்றிய செசாக், 1939இல் தோன்றிய பி.எம்.ஐ., 2013இல் தோன்றிய ஜி.எம்.ஆர். என்பன. ஒவ்வொன்றும் தன்னைச் சேர்ந்தோரின் பாடல்களுக்கு மட்டுமே அனுமதி தரும். இரண்டாவது சாராருக்காக இணைய வானொலிகளிடம் பணம் திரட்டுவது வாஷிங்டனிலுள்ள சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் அமைப்பாகும்.

இதனை வாசித்தபோது எமது இளமைக் காலத்தில் அயலில் வாழ்ந்த வயலின் வித்துவான் ஒருவர் எம் நினைவுக்கு வந்தார். இசைத்தட்டுப் பதிவுகளிற் பக்கவாத்தியம் வாசித்தவர் அவர். பதிவு நாளன்று கையிற் கிடைத்த கூலியோடு அவருக்கும் அத்தட்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்து போயிற்று. பின்னாளிற் கலியாண வீடுகளில் அத்தட்டு ஒலிக்கும்போது, திண்ணையில் இருந்தபடியே, "அந்த வில் என்னுடையது, தம்பி" என்பார். அச்சொல்லிற் பெருமை இருந்தது, வேறொன்றும் இருந்தது. அந்த வேறொன்று யாதென்று அன்று எமக்கு விளங்கவில்லை.

அமெரிக்கச் சட்டம் இணைய வானொலியிலிருந்து பதிவுகளுக்காகப் பெறும் பணத்தை எவ்வாறு பங்கிடுகின்றது தெரியுமா? நூற்றுக்கு 50 பங்கு பதிவின் உடைமையாளருக்கு. 45 பங்கு முதன்மைக் கலைஞருக்கு. பெயர் வெளியே தெரியாத பக்கவாத்தியக்காரருக்கு இரண்டரை. பின்னணிக் குரல் கொடுத்தோருக்கு இரண்டரை. அந்த இரண்டரையைக் கண்டபோதுதான் திண்ணையில் இருந்த பெரியவரின் சொல் எமக்கு முழுமையாக விளங்கிற்று. விந்தை யாதெனின், அதே நாட்டில் வான்வழியே ஒலிபரப்பும் பழைய வானொலி நிலையங்கள் பாட்டை இயற்றியவருக்கு மட்டுமே பணம் கொடுக்கும். பாடியவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே நெடுங்கால வழக்கம். இணையம் வந்த பின்னர்தான் பாடுவோருக்கு அந்நாட்டு வானொலியில் ஒரு பங்கு கிடைத்தது.

தேடி அலையாமற் கிடைக்கும் அனுமதி

இணையவழி ஒலிபரப்பு 1993இல் அமெரிக்காவில் அரும்பியது. 1994 நவம்பரில் வட கரோலினாவின் சப்பல் ஹில் நகரிலுள்ள பல்கலைக்கழக மாணவர் வானொலி தன் ஒலிபரப்பை இணையத்தில் ஏற்றியது. அடுத்த ஆண்டே, மின்னணு வழியாகப் பதிவுகளை ஒலிபரப்புவோர் பதிவின் உடைமையாளருக்குக் கடன்பட்டவர் என்னும் கொள்கை அந்நாட்டில் சட்டமாயிற்று. 1998 ஒக்டோபரில் நிறைவேறிய மற்றொரு சட்டம் அதனை இணைய வானொலிக்கு விரித்து, ஒரு நல்ல ஏற்பாட்டையும் செய்தது. ஒலிபரப்புவோர் ஒவ்வொரு கொம்பனியின் வாசலையும் தட்ட வேண்டியதில்லை. முறைப்படி அறிவித்தல் கொடுத்து, விதித்த பணத்தைக் கட்டி, போட்ட பாட்டுக்களின் கணக்கைச் சமர்ப்பித்தாற் போதும். சட்டமே அனுமதி தந்துவிடும்; கொம்பனியார் மறுக்க இயலாது.

ஆயின், அந்த அனுமதிக்குச் சில நிபந்தனைகள் உள. அவை நம்மவர் வானொலி கேட்கும் வழக்கத்தோடு நேரே மோதுவன ஆதலால் மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் நன்று.

மூன்று மணி நேரத்துள் ஒரே கலைஞரின் பாடல்கள் நான்குக்கு மேற்படலாகாது; அவற்றிலும் தொடர்ச்சியாக மூன்றே போடலாம். ஒரே தட்டிலிருந்து மூன்று பாடல்கள், தொடர்ச்சியாயின் இரண்டு. ஆகவே, மறைந்த பாடகர் ஒருவரின் நினைவு நாளில் மாலை முழுவதும் அவருடைய பாடல்களையே போடுவது இவ்வனுமதிக்குள் அடங்காது. ஒரு திரைப்படத்தின் பாட்டுக்களை முதலிலிருந்து முடிவு வரை போடுவதும் ஆகாது. இன்ன நேரத்தில் இன்ன பாட்டு வரும் என முன்கூட்டிப் பட்டியல் வெளியிடலாகாது. நேயர் விருப்பமோ முற்றாக விலக்கப்படவில்லை. எனினும், கேட்ட ஒரு மணி நேரத்துள்ளோ கேட்டவர் குறித்த வேளையிலோ போடப்படும் பாடல்களே நிகழ்ச்சியின் பெரும்பகுதியாய் இருத்தல் கூடாது.

இவை எதற்காக? நேயர் தாம் வேண்டிய பாட்டை வேண்டிய பொழுதிற் பெற்றுவிட்டால் தட்டை யார் வாங்குவர் என்பதே சட்டம் இயற்றியோரின் அச்சம். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும், நினைவு நாளுக்கு ஒரு பாடகரின் பத்துப் பாட்டுக்களைப் போட விரும்பும் தனிமனிதரையும் அந்த வலையே பிடித்துக்கொள்கின்றது.

சதத்தின் ஒரு துண்டு

இனிப் பணத்துக்கு வருவோம். சட்டம் வந்த பின்னரும் கட்டணம் எவ்வளவு என்பது நான்காண்டுகள் தீர்மானிக்கப்படாமலே கிடந்தது. 2002 ஜூன் 20இல் காங்கிரஸ் நூலகத்தின் நூலகர் தீர்ப்பளித்தார்: ஒரு பாட்டு ஒரு நேயரைச் சென்றடைந்தால் 0.07 சதம். அதாவது நூறு பேர் ஒரு பாட்டைக் கேட்டால் ஏழு சதம். இஃது ஒரு தொகையா என்று தோன்றும். பெருக்கிப் பார்ப்போம். மணிக்குப் பதினைந்து பாட்டு, இரவு பகலாக 500 நேயர் என வைத்துக்கொண்டால் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 46,000 டொலர் ஆகின்றது. போதாக்குறைக்கு 1998 ஒக்டோபர் முதலான பழைய பாக்கியையும் கட்ட வேண்டும் என்றாயிற்று.

சான் பிரான்சிஸ்கோவில் 2000ஆம் ஆண்டில் ரஸ்டி ஹொட்ஜ் என்பவர் தொடங்கிய சோமா எப்.எம்., நேயரின் நன்கொடையால் வாழ்ந்த சிறு வானொலி. அத்தீர்ப்பு வந்த மாதத்திலேயே அது வாயை மூடியது. சிறியோரின் முறையீடு சட்டமன்றத்தை எட்டியது. 2002 டிசெம்பரில், சிறிய ஒலிபரப்பாளர் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டினாற் போதும் என்னும் உடன்பாட்டுக்கு வழிசெய்யும் சட்டம் பிறந்தது. சோமா எப்.எம்.மும் மீண்டும் பாடத் தொடங்கிற்று.

நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை. உரிமைப்பணத்தை நிர்ணயிக்கும் மூவர் சபை 2007 மார்ச்சில் ஒரு தீர்ப்பை வெளியிட்டது. கட்டணம் 2006க்கு 0.08 சதத்திலிருந்து 2010க்கு 0.19 சதமாக ஆண்டுதோறும் ஏறும். அத்தோடு அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 500 டொலர் குறைந்தபட்சக் கட்டணம். அதனை எதிர்த்து 2007 ஜூன் 26 அன்று அமெரிக்க இணைய வானொலிகள் பல ஒருநாள் மௌனம் காத்தன. 2008இலும் 2009இலும் மீண்டும் சலுகைக்கு வழிசெய்யும் சட்டங்கள் வந்தன. அச்சலுகைகள் 2015இன் முடிவோடு காலாவதியாயின.

அப்பொழுது விழுந்ததுதான் பெரிய அடி. 1999இல் எழுந்த லைவ்365 என்னும் சேவை, பொழுதுபோக்காக ஒலிபரப்பும் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு குடைபோல் இருந்தது. அவர்கள் ஒரு சிறு தொகையைக் கட்டுவர். உரிமைப்பணத்தை அது பார்த்துக்கொள்ளும். சலுகை முடிந்ததும், முதலீட்டாளரின் ஆதரவு நீங்கியதும், 2016 ஜனவரி 31இல் அது மூடப்பட்டது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த நேயரை ஒலிபரப்பாளர் பலர் ஒரே நாளில் இழந்தனர். 2017இல் புதிய உடைமையாளரின் கீழ் அது மீண்டும் திறக்கப்பட்டது என்பது ஆறுதலான செய்தி.

எம் மாணவருக்கு ஒரு கணக்கு

இவ்வரலாற்றை வைத்துக்கொண்டு எம் மாணவரின் வானொலிக்குக் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 208 மணி. மணிக்குப் பதினைந்து பாட்டு, இருபது நேயர். ஆகவே மணிக்கு 300 முறை பாட்டு செவியை அடைகின்றது. 2021இல் இருந்த கட்டணம், சந்தா வாங்காத வானொலிக்கு, 0.21 சதம். மணிக்கு 63 சதம். ஆண்டுக்கு ஏறக்குறைய 131 டொலர். இதனை மனமுவந்து கட்டலாம் அன்றோ?

கட்ட முடியாது; ஏனெனில் 2021 முதல் 2025 வரையான காலத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஆண்டுக்கு 1,000 டொலராக உயர்த்தப்பட்டிருந்தது. அக்கட்டணம் நியாயமான விலையாக வேண்டுமாயின் அவருக்கு இருபது பேர் போதாது. 150 பேருக்கு மேல் வேண்டும். இஃது இசைப்பதிவுக்கு மட்டும் உரிய கணக்கு. பாட்டை இயற்றியோரின் சங்கங்களுக்குக் கட்டுவது தனி.

"நான் இலாபம் பெறவில்லையே, எனக்கு வணிகக் கட்டணம் எதற்கு?" என்று அவர் கேட்கலாம். இலாபம் பெறாமை வேறு. சட்டம் கூறும் இலாபநோக்கற்ற நிலை வேறு. வரிவிலக்குப் பெற்ற அமைப்பாகவோ, அதற்கு முறையாக விண்ணப்பித்த அமைப்பாகவோ, பொதுநோக்கில் இயங்கும் அரச நிறுவனமாகவோ இருந்தால் மாத்திரமே சட்டம் ஒரு வானொலியை வணிகமற்றது என்று ஏற்கும். தன் படுக்கையறையில் இருந்துகொண்டு தந்தையின் தட்டைப் போடும் மகன், சட்டத்தின் கண்ணில் வணிகன்!

பழைய தட்டுக்களாயிற்றே என்றாலும் தப்ப வழியில்லை. 1972 பெப்ரவரி 15க்கு முன் அமெரிக்காவிற் செய்யப்பட்ட பதிவுகள் முன்னர் மத்திய சட்டத்துக்கு வெளியே நின்றன. 2018 ஒக்டோபரில் வந்த சட்டம் அவற்றையும் இக்கட்டணத்துக்குள் கொணர்ந்தது. 1923க்கு முற்பட்ட பதிவுகள் 2022 ஜனவரி முதலாந் திகதி பொதுச்சொத்தாயின. 1957 முதல் 1972 பெப்ரவரி வரையானவற்றுக்கோ 2067 வரை பாதுகாப்பு உண்டு. வேற்று நாடுகளின் பழைய பதிவுகள் பலவற்றுக்கு 1996 முதலே அமெரிக்காவிற் பாதுகாப்பு மீள அளிக்கப்பட்டுள்ளது.

கடலுக்கு இப்பால் ஒரு நேயர்

எல்லாவற்றிலும் எம்மை வருத்தியது வேறொன்று. அமெரிக்கச் சட்டம் தரும் அனுமதி அமெரிக்காவிலுள்ள செவிகளுக்கு மட்டுமே உரியது. இணையம் எல்லை அறியாது; உரிமையோ நாட்டுக்கு நாடு வேலி கட்டியது. பிற நாடுகளின் வானொலிகளைத் தன் பட்டியலிற் சேர்த்துப் பிரித்தானிய நேயருக்கு அளித்த டியூன்இன் என்னும் நிறுவனத்தின்மீது இசைத்தட்டுக் கொம்பனிகள் வழக்குத் தொடுத்தன. 2019இல் இலண்டன் உயர் நீதிமன்றம், பிரித்தானியாவில் அனுமதி பெறாத நிலையங்களை அவ்வாறு அளிப்பது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பாலும் அதனையே உறுதிசெய்தது. ஆக, எம் மாணவர் எந்த ஒரு நேயருக்காக இவ்வளவும் செய்ய முனைந்தாரோ, அந்த நேயர் அமெரிக்க அனுமதியின் வேலிக்கு வெளியே இருக்கிறார்.

எமது விடை

"இது நியாயமா?" என்பதே அவர் வினா. எமது விடை இது: கேட்பது நியாயம், கேட்கும் அளவு நியாயமன்று. பாடியவருக்கும் வில்லைப் பிடித்தவருக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மனமார ஏற்கின்றோம். அதனைக் கொடாது பாட்டைப் போடுவது, திண்ணையில் இருந்த அந்தப் பெரியவரின் கூலியை இரண்டாம் முறை பறிப்பதற்கு ஒப்பாகும். ஆயின், 131 டொலருக்குக் கேட்பவனிடம் ஆயிரம் டொலர் வாங்குவது, பாடகரைக் காப்பதாகாது. அக்கட்டணத்தைக் கட்ட முடியாதவன் ஒன்றிற் பாட்டை நிறுத்துவான். அன்றேல் ஒளித்து ஒலிபரப்புவான். இரண்டிலும் பாடகருக்குக் கிடைப்பது பூச்சியமே. சிறியவனுக்குச் சிறிய கட்டணம் விதித்தால் அவனும் நேர்மையாளனாக வாழ்வான். கலைஞரும் தம் துண்டுச் சதத்தைப் பெறுவர்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அவருக்கு மூன்று வழிகளை எழுதினோம்.

முதலாவது, மாதக் கட்டணம் பெற்று உரிமைப்பணத்தையும் கணக்கையும் தாமே ஏற்கும் குடைச் சேவை ஒன்றிற் சேர்தல். ஆயின், எந்தெந்த நாடுகளுக்கு, எந்தெந்த உரிமைக்குப் பணம் கட்டுகின்றனர் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ஒலிபரப்பும் வசதியை வாடகைக்குக் கொடுப்பவர் வேறு. உரிமைப்பணம் கட்டுபவர் வேறு. இரண்டையும் ஒன்றென மயங்கியோரே பெரும்பாலும் அகப்படுகின்றனர்.

இரண்டாவது, வரிவிலக்குப் பெற்ற நம்மவர் சங்கம் ஒன்றின் பெயரில் வானொலியை நடத்துதல். குறைந்தபட்சக் கட்டணம் அங்கும் 1,000 டொலராகவே இருந்தது. ஆயினும் ஐம்பது குடும்பங்கள் பங்கிட்டால் ஆண்டுக்கு இருபது டொலர்தான். இக்கட்டணங்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாறுவன. தொடங்கும் ஆண்டிலுள்ள தொகையை விசாரித்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, கலைஞரிடமே நேரில் எழுத்து மூலம் அனுமதி பெறுதல். பெரிய வானொலிகள் திரும்பியும் பாராத இளங் கலைஞர் எத்தனையோ பேர் உளர். தம் பாட்டும் தம் பதிவும் தமக்கே உரியனவாயின் அவர்கள் மகிழ்ந்து சம்மதிப்பர்.

மறுமொழி நான்கு நாளில் வந்தது. சங்கத்தாரோடு பேசியிருக்கிறாராம், தைப்பொங்கலுக்கு முன் தொடங்க எண்ணமாம். "ஆனால், சேர், அம்மா கேட்க முடியாதே" என்று முடித்திருந்தார்.

அதற்கும் விடை அவர் வாழும் நாட்டுச் சட்டத்திலேயே இருந்தது. பொதுமக்களுக்கு இசைத்தல் எது என்று வரையறுக்கும் இடத்தில், குடும்பத்தையும் அதனோடு நெருங்கிப் பழகுவோரையும் அச்சட்டம் பொதுமக்கள் என்று கொள்ளவில்லை. ஆகவே நாம் எழுதினோம்: "தம்பி, வானொலி ஊருக்கு, தொலைபேசி அம்மாவுக்கு. ஞாயிறு காலை அழைப்பெடுத்து, அப்பாவின் தட்டை அருகிற் சுழல விடும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை."